கழித்தல் தெரிகிறது, மீதி சொல்லத் தெரியவில்லை: மகளுக்கு எப்படிச் சொல்லித் தருவது?

மகளின் அப்பா:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. கூட்டல், கழித்தல் இரண்டையும் தாளில் நன்றாகப் போடுவாள். 62இல் 27 போனால் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்தால், கடன் வாங்கிக் கழித்து 35 என்று ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிடுவாள். அதே எண்களோடு பணம் சேர்ந்து வந்தால்தான் திணறுகிறாள்.

போன வாரம் நடந்தது இது. "உன்னிடம் 27 இருக்கிறது. நீ கேட்ட பொம்மையின் விலை 62. இன்னும் எவ்வளவு வேண்டும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம், "இது கூட்டணுமா கழிக்கணுமாப்பா?" என்றாள். நீயே யோசித்துச் சொல் என்றேன். 89 என்றாள். 62க்கு விற்கும் பொம்மையை வாங்க இன்னும் 89 வேண்டுமாம். அதில் அவளுக்கு எந்த உறுத்தலும் இல்லை. விடை தப்பாகப் போனதுகூடப் பெரிதில்லை, இப்படி ஒரு விடை வந்தும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை என்பதுதான் என்னை வாட்டுகிறது.

இன்னொரு நாள், 50 கொடுத்து 28க்கு ஒரு பென்சில் பெட்டி வாங்கினால் மீதி எவ்வளவு என்று கேட்டேன். மனதுக்குள் எதையோ போட்டுப் பார்த்துவிட்டு 38 என்றாள். நான் குரலை உயர்த்திவிட்டேன். அவள் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து பணம் என்று ஆரம்பித்தாலே அறைக்குள் போய்விடுகிறாள்.

அவள் தம்பிக்கு ஐந்து வயது. அவனிடம் மூன்று சின்ன நாணயத்தையும் ஒரு ஐந்து நாணயத்தையும் நீட்டினால் மூன்றைத்தான் எடுப்பான், "இதுதான் நிறைய" என்பான். அவனுக்கும் இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா, அல்லது வயது ஆனால் தானாக வந்துவிடுமா? விளையாட்டுப் பணம் வாங்கலாமா, நிஜப் பணத்தையே கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள். நான் கணக்கில் சுமார்தான், பொறுமையாக விளக்கினால் புரிந்துகொள்வேன்.

இரு பிள்ளைகளின் அம்மா:

என் பெரியவனுக்கும் இதே பிரச்சினை இருந்தது. நான் ஓர் அட்டையில் சொற்களை எழுதி அவன் மேசைக்கு மேல் ஒட்டினேன். மொத்தம், சேர்த்து, இன்னும், கூடுதலாக என்று வந்தால் கூட்டல். மீதி, போக, குறைவு, செலவு என்று வந்தால் கழித்தல். கணக்கைப் படித்ததும் அந்தச் சொல்லுக்கு அடிக்கோடு போடச் சொல்வேன். தேர்வில் மதிப்பெண் ஏறியது. முயன்று பாருங்கள். குழந்தையைத் திட்டாதீர்கள், நானும் திட்டிப் பார்த்தவள்தான், ஒன்றும் நடக்கவில்லை.

பழைய கணக்கு டீச்சர்:

வணக்கம் சார். இரண்டாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை 24 வருடம் கணக்கு எடுத்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

மேலே சகோதரி சொன்ன அட்டையை நானும் முதல் ஆறேழு வருடம் வகுப்பில் மாட்டியிருந்தேன். பிறகு கழற்றிவிட்டேன். உங்கள் மகள் 89 என்றது ஏன் என்று பாருங்கள். "இன்னும்" என்று காதில் விழுந்ததும் கூட்டிவிட்டாள். அட்டையிலும் "இன்னும்" கூட்டல் பக்கம்தான் இருக்கிறது! இன்னொரு கணக்கு: "கடையில் 40 செலவு செய்தேன். மீதி 15 இருக்கிறது. போகும்போது எவ்வளவு கொண்டுபோனேன்?" இதில் "செலவு", "மீதி" இரண்டுமே இருக்கின்றன. அட்டைப்படி கழித்தால் 25. 25ஐ எடுத்துக்கொண்டு போனவள் 40 எப்படிச் செலவு செய்வாள்? சொல்லைத் தேடப் பழகிய பிள்ளை கதையைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. மதிப்பெண் ஏறும், அதை நான் மறுக்கவில்லை. பள்ளித் தேர்வில் பாதிக் கணக்குகள் அட்டைக்கு ஏற்ற மாதிரிதானே இருக்கின்றன.

பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வாளர்கள் 1979 வாக்கில் குழந்தைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரு கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு இருக்கின்றன, கப்பல் தலைவரின் வயது என்ன? 97 குழந்தைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஏதோ ஒரு வயதைச் சொன்னார்கள். நான் என் வகுப்பில் இதையே மாற்றிக் கேட்டேன்: "என் பையில் 4 நோட்டும் 7 நாணயமும் இருக்கின்றன, என்னிடம் எவ்வளவு பணம்?" கிட்டத்தட்ட எல்லாக் கைகளும் 11 என்றுதான் தூக்கின. ஒரே ஒரு பெண் மட்டும், "எந்த நோட்டு டீச்சர்?" என்று கேட்டாள். அன்று வீட்டுக்குப் போயும் அந்தக் குரல் காதில் இருந்தது. மறுநாள்தான் அட்டையைக் கழற்றினேன்.

சரி, என்ன செய்வது? முதல் இரண்டு வாரம் எண்ணையே எடுத்துவிடுங்கள். "உன்னிடம் கொஞ்சம் பணம் இருக்கிறது. பொம்மை அதைவிட விலை அதிகம். என்ன செய்வாய்?" என்று கேளுங்கள். அம்மாவிடம் கேட்பேன், சேர்த்து வைப்பேன் என்று ஏதாவது சொல்வாள். "எவ்வளவு கேட்பாய், பொம்மை விலை முழுவதையுமா?" "இல்லை, குறையறதை மட்டும்." இந்த "குறையறது" அவள் வாயிலிருந்து வர வேண்டும், நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. வந்த பிறகு 27, 62 என்று எண்ணைப் போடுங்கள். கணக்குப் போடும் முன்பே இன்னொன்றையும் கேளுங்கள்: "நீ சொல்லப்போகும் விடை 62ஐவிடப் பெரிதாக இருக்குமா, சின்னதாக இருக்குமா?" 89 என்ற விடை அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது மீதி. 50இல் 28க்கு அவள் 38 சொன்னதை என்னால் ஊகிக்க முடிகிறது. 0இலிருந்து 8ஐ எடுக்க முடியவில்லை, அதனால் 8இலிருந்து 0ஐ எடுத்து 8 வைத்தாள், 5இல் 2 போக 3. தாளில் கடன் வாங்கத் தெரிந்த பிள்ளைகூட மனதுக்குள் போடும்போது இப்படித் திருப்பிவிடும். அவளிடம் கழிக்கவே சொல்லாதீர்கள். நீங்கள் வாங்குபவர், அவள் கடைக்காரி. 50ஐக் கொடுங்கள். அவள் "28" என்று சொல்லிப் பெட்டியைத் தர வேண்டும். பிறகு உங்கள் உள்ளங்கையில் ஒன்று வைத்து "29", இன்னொன்று வைத்து "30", ஒரு பத்து வைத்து "40", இன்னொரு பத்து வைத்து "50". நிறுத்தம். இப்போது கையில் இருப்பதை எண்ணினால் 22. அவள் ஒன்றையும் கழிக்கவில்லை, விலையிலிருந்து கொடுத்த பணம் வரை ஏறி வந்தாள். அந்த ஏற்றம்தான் மீதி. பொம்மைக் கணக்கும் இதே ஏற்றம்தான்: 27இலிருந்து 30க்கு 3, 60க்கு 30, 62க்கு 2, ஆக 35. நான்கைந்து நாள் கழித்து அதே 50, 28ஐத் தாளில் நெட்டுக்குத்தாக எழுதி இரண்டு விடையையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் 24 வருடம் இந்த வேலையில் இருந்தேன்.

உங்கள் மகளிடம் குறை இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காக இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து பிள்ளைகளை, 9 முதல் 15 வயதுள்ளவர்களை, நூனெஸ், கரஹெர், ஷ்லீமன் ஆகிய மூன்று ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1985இல் எழுதினார்கள். விற்கும் இடத்தில் போட்ட கணக்கில் 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கைக் கதையாக எழுதிக் கேட்டபோது 74. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37! ஒரு 12 வயதுப் பையனிடம் ஒரு தேங்காய் 35 என்றால் பத்து தேங்காய் எவ்வளவு என்று கேட்டார்கள். மூன்று 105 என்பது அவனுக்குத் தெரியும். அதிலிருந்து 210, 315 என்று ஏறி, கடைசி ஒன்றையும் சேர்த்து 350 என்றான். பத்தால் பெருக்கினால் ஒரு பூஜ்யம் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது, 2025இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. பொருளாதார அறிஞர்கள் எஸ்தர் டுஃப்லோ, அபிஜித் பானர்ஜி குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள். சந்தையில் சிக்கலான கணக்கை மனதில் போட்டவர்கள், பாடப்புத்தகப் பாணிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தை வேலையே தெரியாத பள்ளிப் பிள்ளைகள் அதற்கு நேர் எதிர். உங்கள் மகள் இந்த இரண்டாவது கூட்டம். ஒரு பக்கம் தெரிந்தால் மறுபக்கம் தானாக வந்துவிடுவதில்லை, யாராவது கைப்பிடித்து இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். அதற்கு நீங்கள் போதும்.

சின்னவனுக்கு அவசரமில்லை. பணம் குழந்தைக்கு மிகக் கடினமான பொருள். ஐந்து குச்சி என்றால் ஐந்து கண்ணுக்குத் தெரிகிறது. ஐந்து நாணயத்தில் எங்கே தெரிகிறது ஐந்து? ஒரே ஒரு வட்டம்தானே. அவன் மூன்றை எடுத்தது அவன் வயதுக்குச் சரியான எண்ணிக்கை. ஐந்து ஒற்றை நாணயத்தைக் கொடுத்து ஓர் ஐந்தை மாற்றிக்கொள்ளும் விளையாட்டைத் தினம் ஐந்து நிமிடம் ஆடுங்கள், போதும்.

கவுன்டர்க்காரன்:

நான் எட்டு வருடம் பணம் வாங்கும் கவுன்டரில் நின்றவன். டீச்சர் சொன்ன உள்ளங்கை முறையைத்தான் எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தார்கள். இயந்திரம் மீதியைக் காட்டினாலும் நான் ஏற்றித்தான் எண்ணிக் கொடுப்பேன். வாங்குபவரும் கூடவே எண்ணுவார், தகராறு வராது. இன்னொன்று, மீதியை எண்ணி முடிக்கும் வரை அவர் கொடுத்த நோட்டைப் பெட்டிக்குள் போடக் கூடாது, மேலேயே வைத்திருக்க வேண்டும். உங்கள் மகளிடமும் அந்த 50 கண்ணெதிரே இருக்கட்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதைப் பார்த்தால்தான் அவளுக்கு நினைவிருக்கும்.

கொஞ்சம் பழகிய பிறகு இதைக் கேட்டுப் பாருங்கள்: 28க்கு வாங்கிய ஒருவர் 50உடன் ஒரு 3ஐயும் சேர்த்துக் கொடுக்கிறார், ஏன்? 53இல் 28 போனால் 25. சில்லறை தேட வேண்டியதில்லை. என் அக்கா மகன் இதை இரண்டு நாள் யோசித்தான், நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பல் தேய்த்துக்கொண்டே ஓடி வந்து சொன்னான்.

காசோடு விலை வரும்போது ஒரு எச்சரிக்கை. 3.5 என்று எழுதியதைப் பிள்ளைகள் மூன்றும் ஐந்து காசும் என்று படிக்கும். புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் தனியாக இன்னொரு எண் என்று நினைப்பதால் வருவது. நூறு காசு ஒரு முழு நாணயம் என்று வரும் பணத்தில் அது ஐம்பது காசு. அப்படிப் படிக்கிற பிள்ளை 3.12ஐ 3.5ஐவிடப் பெரிது என்றும் சொல்லும். எட்டு வயதில் முழு எண்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மகளின் அப்பா:

டீச்சருக்கும் மற்ற இருவருக்கும் மிக்க நன்றி. டீச்சர், அந்தக் கடைசிக்கு முந்தைய பத்தியை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு சந்தேகம். நிஜப் பணமா, விளையாட்டுப் பணமா என்று நான் கேட்டிருந்தேன். கடையில் நிஜ நோட்டு மாதிரியே அச்சடித்த கட்டு கிடைக்கிறது. அது நல்லதா? நாங்கள் கைப்பேசியில்தான் எல்லாவற்றுக்கும் பணம் கட்டுகிறோம். யோசித்துப் பார்த்தால், மீதி வாங்குவதை அவள் கண்ணால் பார்த்தே மாதக் கணக்கு ஆகியிருக்கும்.

பழைய கணக்கு டீச்சர்:

கைப்பேசியில் பணம் கட்டும் வீட்டில் பிள்ளைக்கு "மீதி" என்பதே வெறும் சொல்தான். அதனால் கையில் பிடித்துப் பார்க்கும் பணம் கட்டாயம் வேண்டும். ஆனால் எப்போது வேண்டும் என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மெக்நீல் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியவர்களும் 2009இல் இதையே சோதித்தார்கள். 5ஆம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு நிஜம் போன்ற நோட்டும் நாணயமும், ஒரு குழுவுக்கு எந்த அலங்காரமும் இல்லாத நோட்டும் நாணயமும், ஒரு குழுவுக்கு ஒன்றுமே இல்லை. நிஜம் போன்ற பணத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டவர்கள்தான் மொத்தத்தில் அதிகம் தப்பு செய்தார்கள். ஆனால் அவர்கள் செய்த தப்புகளில், கணக்கின் பொருளையே தவறாகப் பிடித்த தப்பு குறைவு.

இதை நான் வகுப்பில் பார்த்ததோடு வைத்துப் புரிந்துகொள்கிறேன். நிஜப் பணம் போன்ற நோட்டு கதையைப் புரியவைக்கும். யார் கொடுத்தார், யார் வாங்கினார், எங்கே குறைகிறது என்பதெல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். எண்ணும்போது அதுவே இடைஞ்சல், பிள்ளை படத்தைப் பார்க்கும், அடுக்கும், விசிறியாக விரிக்கும். ஆகவே கதையை நடிக்கும்போது நோட்டு, கணக்குப் போடும்போது வெள்ளைத் தாளில் 1, 10, 50 என்று எண்ணை மட்டும் எழுதி வெட்டிய துண்டுகள். துண்டுகளை அவளே வெட்டட்டும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டாம்.

இரு பிள்ளைகளின் அம்மா:

டீச்சர் சொன்ன "40 செலவு, மீதி 15" கணக்கைப் பெரியவனிடம் கேட்டேன். அட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு 25 என்றான். மனசு கஷ்டமாகிவிட்டது. இனி எண் இல்லாமல் கதை சொல்லித்தான் ஆரம்பிக்கப் போகிறேன்.

மகளின் அப்பா (மூன்று வாரம் கழித்து):

நடந்ததை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். முதல் வாரம் எண்ணே இல்லாமல் பேசினோம். பணம் என்றதும் அறைக்குள் போகிறவள் இரண்டாம் நாளே உட்கார்ந்து கதையை வளர்க்க ஆரம்பித்துவிட்டாள். துண்டுகளை அவளும் தம்பியும் சேர்ந்து வெட்டினார்கள். 50, 28ஐ என் உள்ளங்கையில் ஏற்றி எண்ணிக் கொடுத்தாள். நோட்டை எடுத்து உள்ளே வைக்கப் போனேன், "முடியும் வரைக்கும் எடுக்கக் கூடாதுப்பா" என்று என் கையைத் தட்டினாள். பொம்மைக் கணக்கைப் பதினைந்தாம் நாள் மறுபடி கேட்டேன். "62ஐவிடச் சின்னதுதான் வரும்" என்று முதலில் சொல்லிவிட்டு 35 என்றாள். கூட்டலா கழித்தலா என்று கேட்கவில்லை.

ஒரு வகையில் மட்டும் இன்னும் சறுக்குகிறாள். "உன்னிடம் 30 இருக்கிறது. அது தம்பியிடம் இருப்பதைவிட 12 அதிகம். தம்பியிடம் எவ்வளவு?" 42 என்கிறாள். யாரும் யாருக்கும் கொடுக்காத கதையாக இருப்பதால் நடித்தும் காட்ட முடியவில்லை. என்ன செய்யலாம்?

பழைய கணக்கு டீச்சர்:

கையைத் தட்டினாளா! படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன் சார்.

ஒப்பிடும் கணக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் கடைசியில்தான் வரும். அதிலும் "அதிகம்" என்று சொல்லிவிட்டுச் சின்னதைக் கேட்பது இன்னும் கடினம், நான்காம் வகுப்பிலும் பலர் தவறுவார்கள். இதற்குப் பணத்தை எடுத்து வைத்துவிட்டுக் காகிதத்தில் இரண்டு பட்டை வரையுங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக, இடப்பக்கம் இரண்டும் ஒரே கோட்டில் தொடங்கட்டும். எது நீளம், அவளுடையதா தம்பியுடையதா என்று மட்டும் முதலில் கேளுங்கள். நீளமான பட்டைக்குள் 30 என்று எழுதட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 12. தம்பியின் பட்டைக்குள் என்ன எழுதுவது என்று நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டாம், பென்சிலை மட்டும் அவளிடம் கொடுங்கள்.